நில அளவை

மெதெமாவில் மணலே கிடையாது.
ஆனாலும் அதற்கு மணல் ஈ என்றுதான் பெயர்.
முழுக்கக் கரிசல். கோடையில் வாய் பிளந்து கிடக்கும்,
முழங்கை வரை விட்டாலும் அடி தட்டாத பிளவுகள்.
எள் விதைப்புக்கு முன் நிலம் திருத்தப் போனோம்,
மலையிலிருந்து முப்பத்தோரு பேர்,
ஒரே லாரியில்,
எள் விழ இடமில்லாமல்.

வேலமரத்தடியில் படுக்கை.
கொசு என்றால் பாடும், பாடினால் அடிக்கலாம்.
இது பாடாது.
எள்ளை விடச் சின்னது. தத்தித் தத்தி வந்து
உட்கார்ந்த பிறகும் சிறகை மடக்காது,
இதோ கிளம்பிவிடுகிறேன் என்று வாசலிலேயே நிற்கும்
விருந்தாளி மாதிரி.
பெண் மட்டும்தான் கடிக்குமாம்,
முட்டைக்கு ரத்தம் வேண்டுமாம்.
பிள்ளைகளுக்காகத்தான் நாங்களும்
அத்தனை தூரம் போயிருந்தோம்.

என்னிடம் ஒரு வலை இருந்தது.
யெஷாம்பெலின் வலை.
அந்த வாரம் அவனுக்குப் பணமுடை.
நாற்பது பிர்ருக்குத் தந்தான்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை;
கேட்டிருந்தால் ஐம்பது கொடுக்க வேண்டி வந்திருக்கும்.

அறுவடையில் அவனுக்குக் காய்ச்சல்.
மலேரியா என்று மாத்திரை கொடுத்தார்கள்.
டைஃபாய்டு என்று வேறு மாத்திரை.
சோம்பல் என்றான் மேஸ்திரி, கூலியைப் பிடித்தான்.
எள்ளு காய்கிறது எண்ணெய்க்கு,
எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது?
காய்ந்துகொண்டே வந்தான்.
ஒருநாள் கட்டி நிறுத்திய எள்கட்டின் மேல்
அவன் மூக்கிலிருந்து சொட்டியது,
நிறுத்தவே முடியவில்லை.

மருத்துவமனையில் சட்டையைத் தூக்கினார்கள்.
கைகால் குச்சி, வயிறு மட்டும் பானை.
இடப்பக்கம் விலாவுக்குக் கீழே
மண்ணீரல் இறங்கித் தொப்புளைத் தாண்டியிருந்தது.
மண் அங்கேதான் ஏறியிருந்தது போல.
செவிலி ஸெனாயித் விரலால் தடவித் தடவி
அதன் ஓரம் நெடுக நீலப் பேனாவால் கோடு போட்டாள்,
பக்கத்தில் தேதி.
"நம்ம நிலத்தைக்கூட
யாரும் இவ்வளவு ஒழுங்கா அளந்ததில்ல" என்றான்.
அவன் அண்ணன் வருஷத்துக்கு ஓர் உழவுசால் என்று
வரப்பைத் தள்ளிக்கொண்டே வந்தவன்.

பதினேழு நாள். நாளுக்கு இரண்டு ஊசி.
உட்கார முடியாது, ஒருக்களித்தே சாப்பிடுவான்,
இஞ்சிராவின் ஓரத்தை மட்டும் பிய்த்து.

ஆறாம் நாள் என் விரலையும் குத்தினாள்.
காகிதப் பட்டையில் இரண்டு கோடு.
"உனக்குள்ளேயும் நுழைஞ்சிருக்கு,
ஒண்ணும் பண்ணல."
ஏன்?
"தெரியாது."
வலைக்குள்ளேதானே படுத்தேன் என்றேன்.
அந்த வலையின் கண்
கொசுவுக்கு அளந்து நெய்தது என்றாள்.
இது தலையைக் குனியாமலே நுழைந்துவிடும்.

அத்தனை மாதம்
தூங்கும்போதெல்லாம் நெஞ்சில் கிடந்த வலையை
அன்றுதான் அவனிடம் சொன்னேன்.
அவன் உறக்கத்தை நான் மலிவு விலைக்கு
வாங்கிவிட்டதாக நினைத்திருந்ததை.
யெஷாம்பெல் சிரித்தான்.
ஊசி போட்ட இடம் வலிக்க வலிக்கச் சிரித்தான்.
"அப்போ ஏமாத்தினது நான்தான்.
ஓட்டையை வித்திருக்கேன்
நாற்பது பிர்ருக்கு."
திருப்பிக் கேட்காதே என்றான்.
பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்,
அதற்கு மேல் சிரிக்கவில்லை.

பதினான்காம் இரவு நன்றாக வியர்த்தது.
விடிந்தபோது கோடு கலைந்து
வயிறெல்லாம் நீலம்.
மேசையிலிருந்த பேனாவை எடுத்து அவனே வரைந்தான்,
விலாவை ஒட்டி,
நான்கு விரல் உள்ளே தள்ளி.
அண்ணனுக்குத் தம்பிதான்.

ஸெனாயித் வந்தாள். திட்டினாள்.
பஞ்சை நனைத்து அழித்தாள்.
மூச்சை இழு என்றாள், அமுக்கினாள்,
கண்ணை மூடிக்கொண்டு தேடினாள்.
பழைய கோட்டுக்கும்
அவன் பொய்க்கும் நடுவில்
ஒரு புள்ளி வைத்தாள்.